கணக்கில் வராத நம் பிள்ளைகள்

2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்குப்படி இந்தியாவில் 10 வயது முதல் 19 வயது வரை உள்ள பிள்ளைகள் 25 கோடிக்கு மேல் இருந்தார்கள். அன்றைய மொத்த மக்கள் தொகை 121 கோடி. ஆக, ஐந்து பேரில் ஒருவர் இந்த வயதுப் பிள்ளை. திட்டம் தீட்டுகிறவர்கள் இவர்களை 'வளரிளம் பருவத்தினர்' என்கிறார்கள். வீட்டில் நாம் 'தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை' என்கிறோம். பெயர் எதுவானால் என்ன? படிப்பு தொடர்வதும் நிற்பதும், பையன் வேலைக்குப் போவதும், பெண்ணுக்கு வரன் பார்ப்பதும் எல்லாம் இந்தப் பத்து ஆண்டுக்குள்தான் முடிவாகின்றன. ஒரு குடும்பம் மேலே ஏறுமா, இருந்த இடத்திலேயே நிற்குமா என்பதும் இந்த வயதில்தான் தெரிந்துவிடுகிறது.

இந்தப் பிள்ளைகளின் நிலையை அறிய சர்க்கார் பல கணக்குகளை எடுக்கிறது. பத்து ஆண்டுக்கு ஒரு முறை மக்கள் தொகைக் கணக்கு. அதைத் தவிர, 1992-93 முதல் நடந்து வரும் தேசிய குடும்ப நல ஆய்வு. 2019-21-ல் நடந்த அதன் ஐந்தாவது சுற்றில் நாடெங்கும் 6 லட்சத்து 36 ஆயிரம் வீடுகளுக்கு மேல் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். இந்த ஆய்வை நடத்தும் மக்கள் தொகை ஆய்வு நிறுவனம் வேறெங்கும் இல்லை, நம் மும்பையில், தேவ்னாரில்தான் இருக்கிறது. கோவண்டியிலும் செம்பூரிலும் குடியிருக்கும் தமிழர்களுக்குக் கூப்பிடு தூரம்!

ஆனால், இத்தனை கணக்கிலும் வெளி மாநிலத் தமிழ் வீட்டுப் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தேடினால் அகப்படமாட்டான். கணக்கு எடுக்கும் முறை இதற்குப் பாதிக் காரணம். மறு பாதி, நாம் பதில் சொல்லும் முறை. முதலாவதை மாற்றும்படி கேட்கலாம். இரண்டாவதை நாமே மாற்றிக்கொள்ளலாம்.

பின்னணி என்றால் என்ன?

குடும்ப நல ஆய்வின் அறிக்கையைப் புரட்டினால், ஒவ்வொரு அட்டவணையின் இடது ஓரத்திலும் ஏறத்தாழ ஒரே வரிசை திரும்பத் திரும்ப வரும். வயது, நகரமா கிராமமா, எத்தனை ஆண்டு படிப்பு, மதம், சாதி, வீட்டின் வசதி. இதைத்தான் பின்னணி விவரம் என்கிறார்கள். வருமானம் எவ்வளவு என்று கேட்டால் யாரும் சரியாகச் சொல்லமாட்டார்கள் என்பதால் அதைக் கேட்பதில்லை. டி.வி. உண்டா, மின்விசிறி உண்டா, சமைப்பது விறகிலா காஸிலா, கழிப்பறை சொந்தமா பொதுவா என்று கேட்டு, அதிலிருந்து வீட்டின் வசதியை எடை போடுகிறார்கள்.

இது வெறும் காகித வேலை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பெண்ணின் வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்பும் என்பதை இந்தப் பின்னணி எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பதற்கு அதே ஆய்வு சாட்சி சொல்கிறது. 15 முதல் 19 வயதுள்ள பெண்களில், பள்ளிக்கூடமே போகாதவர்களில் நூற்றுக்கு 18 பேர் அதற்குள் தாயாகிவிட்டார்கள் அல்லது கருவுற்றிருக்கிறார்கள். பன்னிரண்டு வகுப்பு படித்தவர்களில் நூற்றுக்கு 4 பேர்தான். மிக ஏழை வீடுகளில் நூற்றுக்கு 10, மிக வசதியான வீடுகளில் 2. ஒரே நாடு, ஒரே வயது. வேறுபட்டது வீடும் படிப்பும்தான்.

நிலைமை மாறி வருகிறது என்பதும் உண்மை. 20 முதல் 24 வயதுள்ள பெண்களில், 18 வயது நிரம்பும் முன்பே கல்யாணம் ஆனவர்கள் 2005-06-ல் நூற்றுக்கு 47 பேர். 2015-16-ல் 27. 2019-21-ல் 23. அந்தக் கடைசி ஆய்வில் தமிழ்நாட்டுக் கணக்கு ஏறத்தாழ 13; மகாராஷ்டிரத்தில் 22; கர்நாடகத்தில் 21. சரி, தாராவியிலும் மாட்டுங்காவிலும் முலுந்திலும் வளரும் நம் பெண்கள் இந்தப் 13-ல் சேர்ந்தவர்களா, 22-ல் சேர்ந்தவர்களா? சொல்வதற்கு அட்டவணை இல்லை. ஏனென்றால் பின்னணி வரிசையில் தாய்மொழி என்று ஒரு வரி கிடையாது. வேறு மாநிலத்திலிருந்து வந்த குடும்பம் என்றும் ஒரு வரி கிடையாது.

கேள்வி பிள்ளையைப் பற்றி, பதில் அப்பாவிடம்

கணக்கு எடுப்பவர் வீட்டுக்கு வந்தால் பதில் சொல்வது யார்? வீட்டுத் தலைவர். அவர் ஷிப்டுக்குப் போயிருந்தால் வீட்டு அம்மா. இரண்டு பேரும் இல்லையென்றால் பெரும்பாலும் அடுத்த அறைக்காரர்! யாரைப் பற்றிக் கேட்கிறார்களோ அந்தப் பிள்ளை வாய் திறப்பதே இல்லை. குடும்ப நல ஆய்விலும் 15 வயது நிரம்பிய பிறகுதான் தனியாகக் கேள்வி கேட்கிறார்கள். 10 முதல் 14 வரை உள்ளவர்களுக்காகப் பெரியவர்களே பேசுகிறார்கள்.

இதில் எத்தனை பிசகுகள்! முதலில் வயது. 'பையனுக்குப் பதினாறு நடக்கிறது' என்பது நம் வழக்கம். கணக்கில் கேட்பது நடக்கிற வயது அல்ல, முடிந்த வயது. அவன் உண்மையில் 15. இன்னும் சிலர் 10, 15, 20 என்று கையில் கிடைத்த முழு எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். இந்திய மக்கள் தொகைக் கணக்கில் 0-விலும் 5-லும் முடியும் வயதுகளில் கூட்டம் குவிந்து கிடப்பது நிபுணர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வரும் குறை. 13 என்ற வயதுக்கும் 14 என்ற வயதுக்கும் சட்டத்திலேயே வித்தியாசம் உண்டு. 17-க்கும் 18-க்கும் இடையே ஒரு பெண்ணின் வாழ்க்கையே இருக்கிறது. இங்கே ஒரு வருஷம் முன்பின்னாகச் சொல்வது சின்ன விஷயம் அல்ல.

அடுத்தது வேலை. பன்னிரண்டாவது எட்டாமல் நின்று, கடையிலோ காண்டீனிலோ பட்டறையிலோ நிற்கும் பையனைப் பற்றி 'சும்மாதான் இருக்கான்' என்று பதில் வருகிறது. சிலர் 'படிக்கிறான்' என்றே சொல்லிவிடுகிறார்கள். பயம்தான் காரணம். 2016-ல் திருத்தப்பட்ட சட்டம் 14 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைப்பதைத் தடை செய்கிறது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது போன்ற விலக்குகள் உண்டு. 14 முதல் 18 வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் வைக்கக் கூடாது என்கிறது. அதற்கு வெளியே உள்ள வேலையில் பதினாறு வயதுப் பையன் இருந்தால் மறைக்க என்ன இருக்கிறது? மறைத்தால் அவனுக்கு இரவுப் பள்ளியோ தொழிற்பயிற்சியோ வேண்டும் என்று எந்த அதிகாரிக்குத் தெரியும்?

பெண் விஷயம் இன்னும் மோசம். அவள் மாவு அரைத்து விற்க உதவுகிறாள், துணிக்குக் காஜா எடுக்கிறாள், அப்பளம் இடுகிறாள். கூலியும் வருகிறது. கேட்டால் 'வீட்டில் இருக்கிறாள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அவள் உழைப்பு அந்த ஒரு சொல்லோடு போய்விடுகிறது.

மூன்றாவது, படிப்பை ஏன் நிறுத்தினான் என்ற கேள்வி. குடும்ப நல ஆய்வில் இதற்கு அதிகமாக வந்த பதில், 'படிப்பில் நாட்டமில்லை' என்பது. யாருடைய பதில் இது? வீட்டுப் பெரியவர்களின் பதில். வகுப்பில் சொல்வது புரியாமல் பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளை, படித்த மொழி மாறியதால் தடுமாறிய பிள்ளை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்ட பெண் எல்லோரும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறார்கள். பிள்ளையைக் கேட்டால் வேறு பதில் வரலாம்.

அண்ணன் உள்ளூர், தங்கை வெளியூர்

வேலை தேடி வந்தவர்களின் வீட்டுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மக்கள் தொகைக் கணக்கில் பிறந்த ஊரைக் கேட்கிறார்கள். பெற்றோர் நெல்லையிலிருந்து வந்தவர்கள். மூத்த பையன் சயான் ஆஸ்பத்திரியில் பிறந்தான். அடுத்த பிரசவத்துக்குத் தாய் பிறந்த வீட்டுக்குப் போனாள். பெண் அங்கே பிறந்து மூன்று மாதக் கைக்குழந்தையாக இங்கே வந்தாள். பிறந்த ஊர்க் கணக்கில் அண்ணன் உள்ளூர்க்காரன், தங்கை குடிபெயர்ந்து வந்தவள்! ஒரே அறையில், ஒரே அடுப்பில் சாப்பிட்டு வளரும் இரண்டு பிள்ளைகளும் இரண்டு அட்டவணைகளில் போய் விழுகிறார்கள்.

படிப்புக்காக ஊரில் பாட்டியிடம் விடப்பட்ட பிள்ளையின் கதை வேறு. அவன் அங்கே எண்ணப்படுகிறான். குடும்ப நல ஆய்வில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தாய் தந்தை இருக்கிறார்களா, உடன் வசிக்கிறார்களா என்று கேட்பது உண்டு. அந்தக் கட்டத்தில் அவன் பெற்றோருடன் வாழாத பிள்ளை. அவனுக்காக இங்கே இரண்டு ஷிப்டு உழைக்கும் தகப்பன் அந்தக் கணக்கில் வருவதில்லை.

ஆக, இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளையை அடையாளம் காட்டப் பெரிய கணக்கில் மிஞ்சுவது ஒரே ஒரு கேள்விதான். 'தாய்மொழி எது?' அந்தக் கேள்விக்கும் நம்மில் பலர் யோசிக்காமல் பதில் சொல்கிறோம். பையன் இந்தியிலும் மராத்தியிலும் சரளமாகப் பேசுகிறான், ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறான் என்பதற்காக அதில் ஒன்றைச் சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்கின் விதி தெளிவானது. குழந்தைப் பருவத்தில் தாய் எந்த மொழியில் பேசினாளோ அதுதான் தாய்மொழி. தெரிந்த மற்ற மொழிகள் இரண்டைச் சொல்லத் தனி இடம் இருக்கிறது. வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசுகிறவர்கள் அதையே சொல்லட்டும். கணக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பதுதான் நம் வாதம்.

மகாராஷ்டிரத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2001-ல் 5 லட்சத்து 27 ஆயிரம் பேருக்கு மேல். 2011-ல் அது 5 லட்சத்து 9 ஆயிரமாக இறங்கிவிட்டது. ஊர் திரும்பியவர்கள் எத்தனை பேர், பிள்ளைகளின் மொழியை மாற்றிச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று அந்த எண்ணிலிருந்து பிரித்துப் பார்க்க வழியில்லை. மொழி அட்டவணை ஆண், பெண், நகரம், கிராமம் என்று பிரித்துக் காட்டுகிறது. வயதைப் பிரித்துக் காட்டுவதில்லை. குறைந்தது கிழவர்களா பிள்ளைகளா என்று யார் சொல்வது?

மாதிரி ஆய்வு காட்டாதா என்று கேட்கலாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2019-21 ஆய்வில் மகாராஷ்டிரத்தில் சுமார் 31 ஆயிரம் வீடுகள் எடுக்கப்பட்டன. மாநில மக்களில் தமிழர் நூற்றுக்கு அரைப் பேர்கூட இல்லை. அந்த விகிதப்படி அகப்படும் தமிழ் வீடுகள் 140 அளவில் இருக்கும். மாவட்டவாரியாக வீடுகளைப் பங்கிடுவதால் நம்மவர் நெருங்கி வாழும் மும்பைக்கு அதன் ஜனத்தொகைக்கு ஏற்ற பங்கு வருவதில்லை. எனவே 140-ம் நிச்சயமில்லை. அந்த வீடுகளில் 15 முதல் 19 வயதுப் பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஒரு பள்ளி வகுப்பு நிரம்பினால் அதிகம். அத்தனை பேரை வைத்து எந்த நிபுணரும் முடிவு சொல்லமாட்டார். அதனால்தான் வீடு விடாமல் எல்லோரையும் எண்ணும் மக்கள் தொகைக் கணக்கு நமக்கு மிக முக்கியமாகிறது.

எண்ணிக்கையால் என்ன லாபம்?

'கணக்கு எடுத்துக் கொண்டு போகிறார்கள், நமக்கு என்ன வந்தது?' என்று கேட்கிறவர்கள் உண்டு. வந்தது என்ன என்பதைப் பார்ப்போம். 1956-ல் அரசியல் சட்டத்தில் 350-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது அது. ஒரு பள்ளியில் அந்த மொழிப் பிள்ளைகள் 40 பேர், அல்லது ஒரு வகுப்பில் 10 பேர் இருந்தால் அந்த மொழியில் ஆசிரியர் தர வேண்டும் என்பது 1949 முதல் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. உயர்நிலை வகுப்புகளுக்கு மொத்தம் 60 பேர், வகுப்புக்கு 15 பேர் என்ற அளவும் பின்னர் வகுக்கப்பட்டது. ஒரு தாலுகாவிலோ நகராட்சியிலோ ஒரு மொழியினர் நூற்றுக்கு 15 பேர் இருந்தால் முக்கிய அறிவிப்புகளை அந்த மொழியிலும் வெளியிட வேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. எங்கே பார்த்தாலும் எண்தான் பேசுகிறது. மும்பை மாநகராட்சி தமிழ் வழிப் பள்ளிகளை நடத்தி வருவதும் பிள்ளைகளின் தலைகளை எண்ணித்தான்.

பள்ளிக்கூடத்தோடு இது முடிவதில்லை. தனியே பிரித்துக் காட்டுங்கள் என்று கேட்டால் முடியாத காரியம் அல்ல என்பதற்கு முன்மாதிரி இருக்கிறது. 2005-06 குடும்ப நல ஆய்வில் மும்பை, சென்னை, டில்லி, கல்கத்தா உள்பட எட்டு நகரங்களில் குடிசைப் பகுதி, மற்றப் பகுதி என்று பிரித்து அட்டவணை போட்டார்கள். அவசியம் ஏன் வந்தது? பத்துக்குப் பதினைந்து அடி அறையில் டி.வி.யும் காஸும் மின்விசிறியும் இருக்கும். நாட்டு அளவுகோலில் அது வசதியான வீடாகத் தோன்றும். ஆறு பேர் படுக்க இடமில்லை என்பதும், வயது வந்த பெண் விடியுமுன் பொதுக் கழிப்பறை வரிசையில் நிற்பதும் அந்த அளவுகோலில் முழுதாகத் தெரியாது. நகரத்தைப் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அது போல, குடிபெயர்ந்த வீட்டுப் பிள்ளைகளையும் பெரிய நகரங்களிலாவது தனியே பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தவறு என்ன?

பயப்பட அவசியம் உண்டா?

தமிழன் என்று எழுதிக் கொடுத்தால் பின்னால் ஏதாவது வந்து சேருமோ என்ற பயம் பழைய தலைமுறையில் சிலருக்கு உண்டு. 1960-களின் கடைசியில் இந்த நகரத்தில் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியைக் கண்டவர்கள் அவர்கள். அவர்கள் பயத்தைப் பரிகாசம் செய்ய முடியாது. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1948-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்குச் சட்டப்படி, நாம் தரும் தனிப்பட்ட விவரங்களை வேறு யாரும் பார்வையிட முடியாது. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் வழக்கைத் தவிர, கோர்ட்டில் சாட்சியமாகவும் வைக்க முடியாது. வாடகை வீட்டுக்காரருக்கோ முதலாளிக்கோ கணக்கு எடுப்பவர் ஒரு சொல் சொல்லக் கூடாது. கணவன் பெயரைச் சொல்லும் வழக்கமில்லாத மனைவியை அந்தப் பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்றுகூட அந்தச் சட்டத்தில் இருக்கிறது. இவ்வளவு காப்பு இருக்கும்போது மறைப்பதால் நஷ்டம் நமக்குத்தான்.

நாம் செய்ய வேண்டியது

2021-ல் நடக்க வேண்டிய மக்கள் தொகைக் கணக்கு கொரோனாவால் தள்ளிப்போனது. 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்து அதை நடத்த 2025 ஜூனில் அறிவிப்பு வெளிவந்தது. விவரங்களை வீட்டாரே போனிலோ கம்ப்யூட்டரிலோ பதிந்துகொள்ளும் வசதியும் அப்போது அறிவிக்கப்பட்டது. நம் வீடுகளில் அந்தக் கலை தெரிந்தவர் யார்? ஒன்பதாவது படிக்கும் பெண்ணும் கல்லூரிக்குப் போகும் பையனும்தான். எந்தக் கணக்கானாலும் சரி, அவர்களைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர்கள் வயதை, படிப்பை, வேலையை அவர்களே சொல்லட்டும். பிறந்த தேதிச் சீட்டைப் பார்த்து வயதைச் சொல்லுங்கள். வேலை செய்யும் பிள்ளையை வேலை செய்வதாகவே சொல்லுங்கள். பெண் கூலிக்குச் செய்வதையும் சொல்லுங்கள். கடையில் படுத்துக்கொள்ளும் ஊர்ப் பையனை யாரும் எண்ணாமல் போய்விடாதபடி கடைக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

நம் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடக்கட்டும். அவற்றோடு, கணக்கெடுப்புக் காலத்தில் சால் சாலாகப் போய்க் கேள்விகளைத் தமிழில் விளக்கிச் சொல்ல நாலு தொண்டர்களை அனுப்புங்கள். ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம் போதும். அதோடு, தாய்மொழி அட்டவணையை வயதுவாரியாகவும் வெளியிடும்படி மக்கள் தொகைக் கணக்கு ஆணையருக்கும், பெரிய நகரங்களில் குடிபெயர்ந்த குடும்பங்களைத் தனியே காட்டும்படி தேவ்னார் நிறுவனத்துக்கும் மனு எழுதுங்கள். மனு எழுதுவது நமக்குப் புதிதல்ல. குமாஸ்தாக்களாகவே இந்த நகரத்துக்கு வந்து பெயர் எடுத்தவர்கள் அல்லவா நாம்!

ஊரார் கோப்புகளை எல்லாம் ஒழுங்காக வைத்தவர்கள், நம் வீட்டுப் பிள்ளைகளின் கணக்கில் மட்டும் அசட்டையாக இருப்பது அழகல்ல. அந்தக் கட்டத்தில் நாம் சொல்லும் வயதும் வகுப்பும் மொழியும்தான் சர்க்காரின் கண்ணில் அந்தப் பிள்ளை. அதைச் சரியாகச் சொல்லக் கால் மணி நேரம் போதும். அந்தக் கால் மணி நேரத்தை நம் பிள்ளைகளுக்குக் கொடுப்போம்.